மாத்திரை வந்து சேர்ந்த பிறகு

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே வந்து, கிருமாம்பாக்கம் பக்கத்தில் கடலைப் பார்த்துத் திரும்பினால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் ஊர். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் முள்ளோடை. அதோடு புதுச்சேரி முடிந்து தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் தொடங்கிவிடும். இந்த ஊரில் ஒருவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் மாத்திரை வாங்கப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அது புதுச்சேரி அரசுடையது. கால் புண் ஆறாவிட்டால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அது மத்திய அரசுடையது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் கடலூர்ப் பக்கம் என்றால், போன இடத்தில் முடியாமல் போய்க் கடலூர் அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு போட்டிருப்பார். அது தமிழ்நாடு அரசுடையது. மூன்று அரசுகள் தனித்தனியே டெண்டர் விட்டு வாங்கிய மாத்திரைகள் கடைசியில் ஒரே வீட்டில், ஒரே டப்பாவில் வந்து சேர்கின்றன. அதே மெட்ஃபார்மின் ஒரு அட்டையில் ஒரு பெயரிலும் இன்னொரு அட்டையில் வேறு பெயரிலும் இருக்கலாம். இரண்டையும் இரண்டு மருந்தென்று நினைத்து விழுங்குகிறவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இந்த டப்பாவை முழுதாகத் திறந்து பார்க்கிற வேலை யாருடையது? ஒவ்வொரு மருத்துவரும் தன் சீட்டை மட்டும் பார்க்கிறார். 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், பங்களாதேஷில் 48 வினாடி, இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, சீட்டு எழுதி முடிக்கும் மருத்துவரிடம் டப்பாவைக் கொட்டிக் காட்ட முடியாது. அதைப் பிரித்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் அதே கட்டடத்தில், கம்பி போட்ட ஒரு சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் மருந்தாளுநர். கிராமத்தில் வயதானவர்களுக்கு இன்னும் அவர் கம்பவுண்டர்தான்.

உலக சுகாதாரக் கொள்கையில் மருந்தாளுநரின் இடம் என்ன என்ற கேள்வியை ஜெனீவாவிலிருந்து தொடங்கிக் கீழே கொண்டுவருவதுதான் வழக்கம். நான் இந்தச் சன்னலிலிருந்து தொடங்குகிறேன். கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருந்துக் கொள்கை என்ற பெயரில் உலகம் செய்த நல்ல காரியங்களில் பெரும்பங்கு மருந்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. வந்து சேர்ந்த பிறகு அது உடம்புக்குள் எப்படிப் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதற்கு ஆள் நியமிக்கப்படவில்லை. அந்த ஆள் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் இதில் வேதனையானது.

சேர்ப்பதற்கும் விழுங்குவதற்கும் உள்ள தூரத்தைப் புதுச்சேரி நன்றாகவே அறியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. யானைக்கால் நோயை ஒழிக்க ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தபோது, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கும் எத்தனை பேர் விழுங்கினார்கள் என்ற கணக்கும் வெகுவாக விலகி நிற்பதை இந்தியாவின் பல மாவட்டங்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. வீட்டுக்கு வீடு கொடுத்த மாத்திரை அலமாரியில் இருந்தது. கொசு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும் என்று திட்டம் பிறகு மாறியது அந்தப் பாடத்தால்தான்.

அதைவிடப் பழைய பாடமும் தமிழ் மண்ணிலிருந்தே உலகத்துக்குப் போயிற்று. 1956இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளியை சானடோரியத்தில் படுக்கவைத்து ஊட்டமான உணவு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து, இன்னொரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்றது. ஏழை நாடுகளின் காசநோய்க் கொள்கையே அதனால் மாறியது. அந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை கொடுக்கலாம் என்ற அறிவிப்பு ஊர் ஊராகப் பரவியது. எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும் என்ற பகுதி அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

பனித்திட்டையும் உலகக் கொள்கையையும் ஒரே நாளில் இணைத்த நிகழ்ச்சி 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுனாமி பாகூர் கடலோரத்து மீனவ ஊர்களை அடித்துவிட்டுப் போனது. வங்கக் கடலின் மறுகரையில் சுமத்ராவின் ஆச்சே பகுதி அழிந்தே போனது. உலகம் நெகிழ்ந்து மருந்து அனுப்பியது. பிரான்சில் 1985இல் தொடங்கிய எல்லைகளற்ற மருந்தாளுநர்கள் என்ற அமைப்பு ஆச்சேயில் வந்து இறங்கிய மருந்தை ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு வந்து சேர்ந்தது சுமார் 4,000 டன். அதில் 60 சதவீத மருந்துகள் இந்தோனேசியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை. 70 சதவீதத்தின் மேலுறையில் உள்ளூரார் படிக்க முடியாத மொழி. அழிக்க வேண்டியதாக ஒதுக்கப்பட்டது மட்டும் 600 டன். எரிக்கும் செலவும் துயரப்பட்ட நாட்டின் தலையில்தான்.

இந்தக் கணக்கை எடுத்தவர்கள் மருந்தாளுநர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிவாரணக் குழுவில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார், லாரி ஓட்டுநர் இருப்பார். பெட்டியைத் திறந்து காலாவதித் தேதி பார்த்து, இது இந்த ஊருக்கு ஆகும், இது ஆகாது என்று பிரிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் இருப்பதில்லை. மருந்துக் கொடைக்கான நெறிமுறைகளை உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வெளியிட்டிருந்தது: பெறும் நாடு கேட்டதையே அனுப்ப வேண்டும்; அதன் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும்; வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும்; அங்குள்ளவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் உறை இருக்க வேண்டும். போஸ்னியா போன்ற இடங்களில் கொட்டிய மருந்துக் குப்பையைக் கண்டு அலுத்தவர்கள் எழுதிய விதிகள் அவை. எட்டு ஆண்டு கழித்து சுனாமி வந்தபோது விதி தாளில் இருந்தது. துறைமுகத்தில் அதைச் செயல்படுத்த ஆள் இல்லை. ஆச்சே கணக்கு கையில் இருந்ததால்தான் பிறகு வந்த விவாதங்களில் எண்களோடு பேச முடிந்தது.

எதை வாங்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லும் துணிவுக்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. இலங்கையின் சேனக பிபிலே மருந்தாளுநர் அல்லர், மருந்தியல் பேராசிரியர். ஆனால் மருந்தாளுநர் உலகம் அவரைத் தன்னவராகவே கொண்டாடுகிறது. 1971இல் அவரும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையின் பேரில் இலங்கையில் அரசு மருந்துக் கழகம் உருவானது. தீவுக்குள் வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. கம்பெனிப் பெயருக்குப் பதில் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கப்பட்டன. பிபிலே 1977 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியில் கயானாவில் இருந்தபோது காலமானார். அதற்கடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியானது. சுமார் இருநூறு மருந்துகளோடு தொடங்கிய அந்தப் பட்டியல் இன்று ஐந்நூறைத் தாண்டி நிற்கிறது. இந்தியா தன் பட்டியலை 1996இல் தயாரித்தது. 2022 பட்டியலில் 384 மருந்துகள்.

பட்டியல் இருந்தால் போதாது, அதை நோயாளியிடம் கொண்டுபோகும் ஆளைப் பற்றியும் பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, அதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் முதல் ஆலோசனைக் கூட்டம் கூடியது புதுதில்லியில்தான், 1988 டிசம்பரில். சுகாதார அமைப்பில் மருந்தாளுநரின் பங்கு என்பதே அதன் தலைப்பு. 1993இல் டோக்கியோவில் அடுத்த கூட்டம். 1994இல் உலக சுகாதார சபை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 1912இல் தி ஹேக் நகரில் தொடங்கிய சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2011இல் நல்ல மருந்தகப் பணிக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. இந்திய மருந்தாளுநர் கழகம் 2015இல் மருந்தகப் பணி விதிமுறைகளைக் கொண்டுவந்து, நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதிவைத்தது. தாளில் குறை சொல்ல எதுவும் இல்லை.

1994ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கும் முக்கியமானது. ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. அடுத்த ஜனவரியில் வேலை தொடங்கியது. அதை உருவாக்குவதில் முன்னின்றவர் ஆட்சிப் பணி அதிகாரி ஆர். பூர்ணலிங்கம். அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியே மருந்து வாங்கியது. விலையில் ஊழல், தரத்தில் சந்தேகம், கிராமத்தில் காலி அலமாரி. கழகம் பட்டியலைச் சில நூறு மருந்துகளுக்குள் அடக்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு கட்டியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்பியது. தேறினால்தான் மருந்து வெளியே போகும். அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல் என்று அச்சடித்ததால் அதைக் கடையில் விற்கத் திருடர்களும் தயங்கினார்கள்.

கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகங்களைத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வளரும் நாடுகளுக்குக் காட்டும் உதாரணங்களில் ஒன்றாக இது ஆனது. இதன் கதை எழுதப்படும்போது அதிகாரிகளின் பெயர் வருகிறது, கணினி வருகிறது, சேமித்த கோடிகள் வருகின்றன. பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் எத்தனை பாரசிட்டமால், எத்தனை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்று முன்கூட்டிக் கணித்து எழுதியவர், மழைக்காலத்துக்கு முன் வயிற்றுப்போக்கு மருந்தைச் சேர்த்து வாங்கத் தெரிந்தவர், காலாவதி நெருங்கும் அட்டையை முன்வரிசைக்கு எடுத்துவைத்தவர் மருந்தாளுநர். அவருடைய கணிப்பு தவறினால் ஜெனீவா பாராட்டிய அமைப்பும் அந்த ஊரில் தோற்றுப்போகும். எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரிக்குத் தன் சொந்தக் கொள்முதல் ஏற்பாடு இருக்கிறது. பனித்திட்டுக்காரர் முள்ளோடையைத் தாண்டும்போது மருந்துக் கொள்கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். அவருடைய நோய்க்கு அந்த எல்லை தெரியாது.

இவ்வளவு தேறிய அமைப்பும் மருந்தாளுநரை ஒரு கிடங்குக்காரராகவே பார்த்தது என்பதுதான் என் மனக்குறை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. பழைய கம்பவுண்டர் அளந்து, கலந்து, இடித்து மருந்து செய்து கொடுத்தவர். தொழிற்சாலை மாத்திரை வந்ததும் அந்த வேலை போயிற்று. மேற்கு நாடுகளில் 1960களிலிருந்து மருந்தாளுநர் வார்டுக்குள் நுழைந்து நோயாளியின் படுக்கையருகே நிற்கத் தொடங்கினார். இந்தியாவில் மருந்தியல் பட்டப் படிப்பு 1930களில் காசியில் மகாதேவ லால் ஷ்ராஃபின் முயற்சியால் பிறந்தபோதே, சொந்தமாக மருந்து தயாரிக்கும் நாடு வேண்டும் என்ற கனவோடு பிறந்தது. அந்தக் கனவு பலித்தது. 1970 காப்புரிமைச் சட்டம், அதற்குப் பிறகு 2001இல் சிப்லா நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது, ஆப்பிரிக்காவின் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தது என்று அதன் புகழ் நீண்டது. நமக்கு அதில் பெருமைதான். ஆனால் நம் மருந்தாளுநரை அந்தக் கல்வி ஆலைக்காகத் தயார் செய்தது, நோயாளிக்காகத் தயார் செய்யவில்லை. ஊட்டியிலும் மைசூரிலும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் 1990களின் பிற்பாதியில் ஆஸ்திரேலிய மருத்துவமனை ஒன்றின் துணையோடு நோயாளிப் பக்க மருந்தியலைப் பட்டமேற்படிப்பாகக் கற்பிக்கத் தொடங்கின. ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு 2008இல் வந்தது. அதைப் படித்து முடித்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதவி என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. பலர் அந்நிய நாடுகளுக்கும் மருந்து நிறுவனங்களின் தகவல் பணிகளுக்கும் போய்விடுகிறார்கள்.

ஒருவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சுமக்க முடியும் என்பதற்குத் தாய்லாந்தின் கிருசனா கிரைசின்து சாட்சி. அரசு மருந்து நிறுவனத்தில் மருந்தாளுநராக இருந்து, 1990களில் எய்ட்ஸ் மருந்துகளின் மலிவுப் பிரதியை உருவாக்கியவர். 2002இல் மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடக்கிய தயாரிப்பு அவருடைய குழுவிலிருந்து வந்தது. அதோடு நிற்காமல் காங்கோவுக்கும் தான்சானியாவுக்கும் போய் உள்ளூர்க்காரர்களுக்கு மருந்து செய்யக் கற்றுக்கொடுத்தார். 2009இல் மகசேசே விருது பெற்றார். ஒரு மருந்தாளுநர் நாடுகளின் கொள்கையை மாற்ற மந்திரியாக வேண்டியதில்லை.

சன்னலில் என்ன நடக்கலாம் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பனித்திட்டு போன்ற ஊரில் கடலுக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்புகிறார். காலையில் சாப்பாட்டுக்கு முன் போடு என்று எழுதிய கிளிமிபிரைடு மாத்திரையைக் கிளம்பும்போதே போட்டுக்கொண்டு, வலை இழுத்து முடித்து வெயில் ஏறிய பிறகு சாப்பிட்டால், நடுக்கடலில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். உடனிருப்பவர்கள் தலைசுற்றல் என்று நினைப்பார்கள். எப்போது சாப்பிடுவீங்க, அண்ணே என்று சன்னலில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் பேசியிருக்கலாம். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் குளிர்பெட்டி இல்லாவிட்டாலும் மீன் ஐஸ் பெட்டி இருக்கும். அதில் வைத்த இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. ஈர மணலில் வைத்த மண்பானை அதைவிட நல்ல இடம். எனலாப்ரில் சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதற்கு ஒரு சிரப், சளிக்கு ஓர் ஆன்டிபயாடிக், பிறகு எக்ஸ்ரே என்று செலவு நீளும். மாற்ற வேண்டியது பிரஷர் மாத்திரையை. அம்லோடிபினால் கால் வீங்கினால் கிட்னி போய்விட்டதென்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், பிரஷர் மருந்தின் பலனைக் குறைத்து, மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இரண்டாம் ஆண்டிலேயே வருபவை. மருந்தாளுநருக்குத் தெரியாதவை அல்ல. காலை ஓ.பி. நேரத்தில் வரிசை வாசல்வரை நிற்கும்போது அவருக்குக் கிடைப்பது அட்டையை வெட்டி, உறையில் போட்டு, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு என்று சொல்லும் நேரம்தான்.

தொடர்நோயாளிகளில் பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2003இல் உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அதுவும் வளர்ந்த நாடுகளில். மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் என்று 2017இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதும் பெற்றது. நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். அதன் குழுவில் சுகாதாரத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலிநிவாரணச் செவிலியர் உண்டு. மருந்தே மையமான திட்டத்தில் மருந்தாளுநருக்கு வீட்டுப்படி ஏறும் வேலை தரப்படவில்லை.

தனியார் மருந்துக்கடைகளைப் பேசாமல் விட்டால் பாதி உண்மையை மறைத்ததாகும். கிராமத்தில் காய்ச்சல் வந்தவர் முதலில் போவது கடைக்குத்தான். 1948 மருந்தகச் சட்டத்தின்படி பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. அதற்குரியவர் வேறெங்கோ இருக்கிறார். சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம் துறையில் எல்லோரும் அறிந்தது. 2014 மார்ச்சில் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்து, மேல்நிலை ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்றது. 2018இல் காசநோய் மருந்து வாங்குகிறவரைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கடைக்காரருக்கும் கட்டாயமானது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றிய உலகக் கொள்கை முழுவதும் கடைசியில் இந்தப் பதிவேட்டின் நேர்மையில் வந்து நிற்கிறது. வாடகைச் சான்றிதழுக்கு நேர்மை எழுதத் தெரியாது. இங்கே மருந்தாளுநர் சமூகம் அரசைக் குறை சொல்வதற்கு முன் தன் வீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

கீழிருந்து மேலே செய்தி போகிற பாதை ஒன்று இருக்கிறது. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. 1850களில் ஜூல் லெப்பீன் என்ற பிரெஞ்சுக் கடற்படை மருந்தாளுநர் புதுச்சேரியில் இருந்தார். மொரீஷியஸில் பொய்லோ என்ற மருத்துவர் தன் தொழுநோய்க்கு வல்லாரையைச் சாப்பிட்டுப் பார்த்துப் பலன் கண்டதாகச் சொன்ன பிறகு, லெப்பீன் நம் ஊர் வல்லாரையைப் பகுத்தாய்ந்து 1855இல் பாரிஸ் மருந்தியல் இதழில் எழுதினார். தொழுநோய்க்கு அது முழு மருந்தாக நிலைக்கவில்லை. ஆனாலும் குடியேற்ற நாட்டின் ஒரு மூலையில் இருந்த மருந்தாளுநரின் குறிப்பு ஐரோப்பிய மருத்துவ விவாதத்துக்குள் போயிற்று. இன்று அந்தப் பாதை முறையாகவே போடப்பட்டிருக்கிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் ஜிப்மர் ஒரு மையம். பாகூர் பக்கம் ஒருவருக்கு மாத்திரையால் தடிப்பு வந்தால், மருந்தாளுநர் ஒரு படிவம் நிரப்பலாம். நோயாளியே தமிழில் நிரப்பும் படிவமும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. அந்தத் தகவல் காஜியாபாத்தில் உள்ள தேசிய மையத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்வீடனில் உப்சாலா நகரத்து உலகக் களஞ்சியத்தில் சேரும். உலகம் ஒரு மருந்தைத் திரும்பப் பெறுவதும் எச்சரிக்கை அச்சடிப்பதும் இப்படிச் சேர்ந்த சிறு குறிப்புகளால்தான்.

அந்தப் பாதை தூங்கினால் என்னவாகும் என்பதை 2025 அக்டோபரில் பார்த்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் 48 சதவீதத்துக்கு மேல் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் குழந்தைகள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். சாவு இருபதைத் தாண்டியது. இதே நச்சு 1972இல் சென்னைக் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது, 2022இல் காம்பியாவின் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. ஒரே சிரப்பைக் குடித்த இரண்டு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது என்பதை முதலில் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம், இருவருக்கும் அதைக் கொடுத்த மருந்துக்கடை. அங்கே பயிற்சி பெற்றவர் நின்று, படிவம் அனுப்பத் தெரிந்திருந்தால் சில நாட்களாவது மிச்சமாகியிருக்கும். அந்தச் சில நாட்களில் எத்தனை குழந்தைகள்?

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. புதுச்சேரி அரசு, ஜிப்மர், கடலூர் மாவட்ட சுகாதாரத் துறை மூன்றும் உட்கார்ந்து பேசினால் ஒரு பொதுக் கையேடு அச்சடிக்கலாம். யார் கொடுத்த மாத்திரையானாலும் மூலப்பெயரில், தமிழில், அளவோடு எழுதப்பட வேண்டிய கையேடு. அதை நிரப்பும் பொறுப்பும் அதிகாரமும் மருந்தாளுநருக்கு. கணினியில் சுகாதார அடையாள எண் வந்துவிட்டது என்பார்கள், வரட்டும். படகில் போகிறவர் சட்டைப் பையில் தாளும் இருக்கட்டும். அடுத்ததாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எண்ணி உறையில் போடும் வேலைக்கு உதவியாளர் ஒருவரை வைத்து, மருந்தாளுநரைச் சன்னலுக்கு வெளியே, ஒரு மேசைக்கு, எதிரே ஒரு நாற்காலியோடு கொண்டுவர வேண்டும். மருந்துப் பட்டியலைத் திருத்தும் குழுவில், கொள்முதல் குழுவில், கிராமப்புற மருந்தாளுநர் ஒருவருக்கு இடம் கேட்க வேண்டும். எந்த மருந்து தீர்ந்துபோகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

தொடங்குவதற்குக் காலமும் தானே அமைகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதத்தில் பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களில், வாரம் ஒரு மாலை, வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுவாருங்கள் என்று அழைத்து, ஒரு மருந்தாளுநர், ஜிப்மரிலிருந்து ஒரு மருந்தியல் மாணவர், ஒரு கிராம செவிலியர் மூவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம். எத்தனை டப்பாவில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது, எத்தனை காலாவதியானது, எத்தனை பேர் எதைச் சொல்லாமல் நிறுத்தினார்கள், எத்தனை பேருக்கு எந்த மாத்திரையால் என்ன தொந்தரவு என்று எழுதிவைக்கலாம். தொந்தரவுப் படிவங்கள் காஜியாபாத்துக்கும், மற்ற கணக்கு மூன்று அரசுகளின் சுகாதாரச் செயலர்களுக்கும், சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பின் அடுத்த மாநாட்டுக்கும் போகட்டும். இந்த மேசைக்கு ஆகும் செலவு இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு, அந்த மாலைகளுக்கு மருந்தாளுநருக்குக் கொடுக்க வேண்டிய பணிநேரம்.